சாக்லேட் ஸ்டவுட் பீர்: கோப்பையில் மணப்பது கோகோவா, வறுத்த பார்லியா?

லண்டனின் யங்ஸ் நிறுவனம் 1997-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'டபுள் சாக்லேட் ஸ்டவுட்' பீரில் கருப்புச் சாக்லேட்டும் சாக்லேட் எசன்ஸும் சேர்க்கப்படுகின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் ஆலை 1994-ஆம் ஆண்டு முதன்முதலில் காய்ச்சிய 'பிளாக் சாக்லேட் ஸ்டவுட்' பீரிலோ கோகோ அறவே கிடையாது. இரண்டு புட்டிகளின் மீதும் சாக்லேட் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது; அருந்துவோர் இரண்டிலும் சாக்லேட்டை உணரவும் செய்கிறார்கள். முன்னது 5.2 சதவீத ஆல்கஹால் கொண்டது. பின்னது 10 சதவீதம். பெயரை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த இரு வேறுபாடுகளும் தெரிய வாய்ப்பில்லை.

இந்தியாவில் பீர் என்றாலே பொன்னிறமான, பல் கூசும் அளவுக்குக் குளிரூட்டப்பட்ட லாகர் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பெங்களூரு, புணே, குருகிராம், மும்பை போன்ற நகரங்களில் சிறு பீர் ஆலைகள் பெருகிய பின்னரே கருநிறமான ஸ்டவுட் வகை பலருக்கு அறிமுகமாகியுள்ளது. அதில் சாக்லேட் சுவை எப்படி வருகிறது, அதை எவ்வாறு சுவைத்து மதிப்பிடுகிறார்கள், அந்த இனிமைக்குப் பின்னால் கவனிக்க வேண்டியவை எவை என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

ஸ்டவுட் என்பது எது?

'ஸ்டவுட்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு தனி பீர் வகையைக் குறிக்கவில்லை. 'வலுவானது' என்ற பொருளில் எந்த நிறப் பீருக்கும் அடைமொழியாக வழங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுமை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பி அருந்திய 'போர்ட்டர்' என்ற பழுப்பு பீர் பெரும் வணிகமாக வளர்ந்தது. அதன் வலுவான வடிவம் 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டது. காலப்போக்கில் பின்னொட்டு உதிர்ந்து, அடைமொழியே பெயராக நிலைத்தது.

ஆர்தர் கின்னஸ் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வீதம் 9,000 ஆண்டு குத்தகைக்கு எடுத்தது இவ்வகையின் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அதைவிட முக்கியமான நிகழ்வு 1817-இல் நடந்தது. அதுவரை கருநிற பீருக்காகப் பழுப்பு மால்ட்டையே ஆலைகள் பெருமளவு பயன்படுத்தி வந்தன. திரவ அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கருவி புழக்கத்துக்கு வந்ததும், அதே பணத்துக்கு வெளிர் மால்ட்டிலிருந்து அதிகச் சர்க்கரை கிடைக்கிறது என்பது கணக்கில் தெரிந்துவிட்டது. ஆனால் வெளிர் மால்ட் கருநிறத்தைத் தராது. கருக்கிய சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்து நிறம் ஏற்றவும் வழியில்லை. மால்ட், ஹாப்ஸ் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என 1816-இல் பிரிட்டன் சட்டம் இயற்றியிருந்தது. இந்தச் சிக்கலை டேனியல் வீலர் தீர்த்தார். காபிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற சுழலும் கலத்தில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்கு 1817-இல் அவர் காப்புரிமை பெற்றார். சிறிதளவு கருமால்ட், மீதியெல்லாம் மலிவான வெளிர் மால்ட் என்ற இன்றைய செய்முறை அங்கிருந்து பிறந்தது. வரி விதிப்பையும் கலப்படத் தடையையும் சுற்றித் தொழில்நுட்பம் வளர்ந்த கதை இது.

அந்தச் சட்டம் நீடித்த காலத்தில் யாரேனும் பீரில் சாக்லேட் சேர்த்திருந்தால் அது குற்றமாகியிருக்கும். 1880-இல் மால்ட் வரி நீக்கப்பட்டு, வரி விதிப்பு முறையே மாற்றப்பட்ட பிறகுதான் பிரிட்டன் ஆலைகளுக்குப் பிற பொருள்களைக் கையாளும் சுதந்திரம் கிடைத்தது.

பார்லியில் சாக்லேட் வரும் விதம்

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. உலர்த்திய மால்ட்டை 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வறுத்து, முற்றிலும் கருகுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட்டால் அது 'சாக்லேட் மால்ட்'. இந்தப் பெயர் அதன் நிறத்தைக் குறித்தது. அதில் கோகோ இல்லை. ஆயினும் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணையும்போது நிகழும் மயார் வினை, பிரசீன்கள் எனப்படும் மணச் சேர்மங்களை உருவாக்குகிறது. கோகோ விதையை வறுக்கும்போதும் காபிக்கொட்டையை வறுக்கும்போதும் உருவாகும் சேர்மங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. எனவே சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் மணப்பதைப் பிரமை என்று ஒதுக்க இயலாது. வேறொரு தானியத்திலிருந்து கிடைத்தாலும் வேதியியல் உறவு உண்மையானது.

இந்த மால்ட்டைக் கொஞ்சமாகவே பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான செய்முறைகளில் மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கை அது எட்டுவதில்லை. அளவு மிஞ்சினால் சாக்லேட் மறைந்து சாம்பல் சுவையே மேலோங்கும். அயர்லாந்து பாணி ஸ்டவுட்டில் முளைவிடாத பார்லியை நேரடியாக வறுத்துச் சேர்ப்பதால் காபியை நினைவூட்டும் வறண்ட கசப்பு கிடைக்கிறது. ஓட்ஸ் சேர்த்தால் பானம் வழுவழுப்பாகிறது. லாக்டோஸ் எனும் பால் சர்க்கரையைச் சேர்த்தால், பீர் ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்ய இயலாததால், இனிப்பு அப்படியே எஞ்சிவிடுகிறது. 'மில்க் ஸ்டவுட்' எனப்படும் இவ்வகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த மெக்கெசன் ஆலையால் புகழ்பெற்றது. சாக்லேட் மால்ட்டின் கசப்புடன் லாக்டோஸின் இனிப்பு சேரும்போது அருந்துபவர் மனத்தில் தோன்றுவது பால் சாக்லேட்.

உண்மையான கோகோ சேரும்போது

கோகோவைப் பீரில் சேர்ப்பது கேட்பதற்கு எளிது; செய்வதற்குச் சிக்கலானது. கோகோ விதைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கொழுப்பு பீரின் நுரையைச் சிதைக்கும். நாள்பட்டால் சிக்குவாடையும் ஏற்படும். கடையில் விற்கும் சாக்லேட் கட்டியை அப்படியே கொப்பரையில் போடும் ஆலைகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலோர் கொழுப்பு பிழியப்பட்ட கோகோ தூளைக் கொதிநிலையின் இறுதியில் சேர்க்கிறார்கள். அல்லது வறுத்து உடைத்த கோகோ பருப்பை, நொதித்தல் முடிந்த பீரில் சில நாள்கள் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். பின்னதில் நுண்மணம் அதிகம் தங்கும். எசன்ஸ் மலிவான வழி. அளவாகக் கையாண்டால் மணத்துக்கு எடுப்புத் தரும், மிஞ்சினால் மிட்டாய்க் கடையின் வாடை வந்துவிடும்.

இனிப்பில்லாத கோகோ கசப்பானது என்பதையும் மறந்துவிடலாகாது. மக்கள் 'சாக்லேட் சுவை' என்று அழைப்பது பெரும்பாலும் கோகோவுடன் சர்க்கரை, பால், வெனிலா ஆகியவை சேர்ந்த கூட்டுச் சுவை. ஹாப்ஸின் கசப்பு, கருமால்ட்டின் கசப்பு, கோகோவின் கசப்பு என மூன்று கசப்புகள் ஒரே கோப்பையில் சந்திக்கும்போது அவற்றைத் தாங்கும் அளவுக்கு எஞ்சிய இனிப்பு இருக்க வேண்டும். சாக்லேட் ஸ்டவுட் காய்ச்சுபவரின் திறமை முழுவதும் இந்தச் சமநிலையில் அடங்கியிருக்கிறது எனலாம். வெனிலாவைச் சிறிது சேர்ப்பதும் வழக்கம்; அது தனியாகத் தெரியாமல் கோகோவைத் தூக்கிக் காட்டும்.

கோகோவுக்கும் நொதித்தலுக்கும் உள்ள உறவு புதியதும் அன்று. சாக்லேட்டுக்கான விதைகள் பறித்தவுடன் வறுக்கப்படுவதில்லை. அவற்றைச் சூழ்ந்த வெண்ணிறச் சதையோடு சில நாள்கள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நொதிக்கச் செய்த பின்னரே சாக்லேட் சுவைக்கான மூலப்பொருள்கள் உருவாகின்றன. ஹோண்டுராசின் புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ அகழாய்வில் கிடைத்த, கி.மு. 1100-ஐ ஒட்டிய காலத்து மட்பாண்டத் துண்டுகளில் கோகோவுக்கே உரிய தியோபுரோமின் எச்சங்கள் கண்டறியப்பட்டதாக 2007-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கோகோ அங்கே முதலில் பழச்சதையை நொதிக்கவைத்த மதுவாகவே அருந்தப்பட்டிருக்கலாம் என்பது அவர்களது கருத்து. இந்தியாவில் ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் கோகோ விளைகிறது. பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர்.

சுவைக்கும் முறை

சாக்லேட் ஸ்டவுட்டுக்குக் கடுங்குளிர் பகை. உறைநிலையை ஒட்டிய குளிரில் மணச் சேர்மங்கள் ஆவியாவதில்லை; நாவும் மரத்துப்போகிறது. மிதமான ஸ்டவுட்டுக்கு 8 முதல் 10 டிகிரி, வலுவான இம்பீரியல் வகைக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் ஏற்றது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்தால் இந்த வெப்பநிலை வந்துவிடும். நம் ஊர்க் கோடையில் அதற்குச் சில நிமிடங்களே போதும். முதல் மிடறுக்கும் கடைசி மிடறுக்கும் இடையே பானம் மெல்லச் சூடேறுவதும், அதுவரை ஒளிந்திருந்த மணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதும் இவ்வகையின் தனிச் சிறப்பு.

கண்ணாடிக் குவளை எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் எச்சமோ இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் நுரையைக் கொல்லும். வாய் சற்றே குறுகிய குவளை மணத்தைத் தேக்கிவைக்கும். குவளையைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதி நிறைந்ததும் நிமிர்த்திவிட்டால் தேவையான நுரை எழும். ஊற்றிய பின் குவளையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கன்னங்கரேல் என்று தோன்றும் ஸ்டவுட்டின் அடியோரத்தில் பல சமயம் மாதுளைச் சிவப்பு தெரியும். நுரை வெண்மையாக இராது. இளம்பழுப்பிலிருந்து, வலுவான வகைகளில், கருப்பட்டி நிறம் வரை செல்லும். கோகோ சேர்த்த பீரில் நுரை விரைந்து அடங்கினால் கொழுப்பு மிகுதியாகிவிட்டதோ என்று ஐயுறலாம்.

அடுத்தது மணம். குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி இரு முறை சுழற்றி, கையை எடுத்தவுடன் குறுகிய மூச்சுகளாக முகர வேண்டும். நீண்ட மூச்சு மூக்கை விரைவில் சலிப்படையச் செய்யும். வறுத்த மால்ட்டின் மணம் காபித்தூள், கருகிய ரொட்டித்தோல் ஆகியவற்றோடு கலந்தே வரும். கோகோ தூள் சேர்ந்த பீரில், புதிதாகத் திறந்த கோகோ டப்பாவின் வறண்ட புழுதி மணம் தனித்துத் தெரியும். எசன்ஸ் முந்திரிக்கொட்டை, முகர்ந்தவுடன் பலமாக முந்திக்கொண்டு வரும், விழுங்கிய பின் சுவடின்றி மறையும்.

முதல் மிடறு நாவைப் பழக்குவதற்கு மட்டுமே. மதிப்பீட்டை இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாவின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பாடநூல்களில் இருந்த வரைபடம் தவறு என நிறுவப்பட்டுவிட்டது. எல்லாச் சுவைகளையும் நாவின் எல்லாப் பகுதிகளும் உணர்கின்றன. இன்னும் முக்கியமானது, 'சாக்லேட்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே. விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளிவிட்டால், தொண்டையின் பின்புறமாக மணம் நாசிக்குச் செல்கிறது. ஒயின் சுவைப்போர் துப்பிவிடுவதும், பீர் சுவைப்போர் ஒரு சிறு மிடறையாவது விழுங்குவதும் வழக்கம். பீரின் பின்கசப்பை அறிய அது தேவை எனக் கருதுகிறார்கள்.

அடுத்து வாய் உணர்வு. நீர்த்ததா, பாலேடு போன்றதா, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு தெரிகிறதா, நாவில் துவர்ப்பு ஒட்டிக்கொள்கிறதா எனப் பார்க்க வேண்டும். நல்ல சாக்லேட் ஸ்டவுட்டில் விழுங்கிய பின்னும் கருப்புச் சாக்லேட்டின் கசப்பு சில நொடிகள் நீடித்து, சுத்தமாக முடியும். சோயா சாஸ் போன்ற உப்புச்சுவை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, எதிர்பாராத புளிப்பு ஆகியவை பழுதின் அடையாளங்கள். ஈர அட்டை வாடை ஆக்சிஜன் புகுந்ததைக் காட்டுகிறது. வெப்பமான கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த புட்டிகளில் இது மிகுதி. பல வகைகளை ஒப்பிடும்போது இலேசானதிலிருந்து வலுவானதற்குச் செல்வதும், இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொள்வதும் நலம். ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 மில்லி லிட்டர் போதும்.

குழாய் வழியே ஊற்றப்படும் ஸ்டவுட் பலவற்றில் கரியமில வாயுவுடன் நைட்ரஜனும் செலுத்தப்படுகிறது. கின்னஸ் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த முறை இது. 1988-இல் டின்னுக்குள் சிறு பிளாஸ்டிக் உறையை வைத்து அதே விளைவை வீட்டுக்கும் கொண்டுசென்றது. நைட்ரஜன் நீரில் எளிதில் கரையாதது. அதனால் நுண்ணிய குமிழிகளும் பட்டுப்போன்ற நுரையும் உருவாகின்றன. கண்ணுக்கும் நாவுக்கும் இது விருந்து. ஆனால் மணம் மட்டுப்படுகிறது. கோகோவின் நுட்பத்தை ஆராய விரும்புவோருக்குப் புட்டியில் வரும் சாதாரண வடிவமே ஏற்றது.

நுவரெலியாவின் சிங்கம்

தெற்காசியாவில் ஸ்டவுட் மரபு அறுபடாமல் நீடிக்கும் இடம் இலங்கை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நுவரெலியா மலையகத்தில் வேரூன்றிய பீர்த் தொழிலின் வழிவந்த லயன் ஸ்டவுட், இன்று பியகமவில் தயாரிக்கப்படுகிறது. 8.8 சதவீத ஆல்கஹால் கொண்ட இந்தப் பீரை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், 2007-இல் மறைந்த பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன். பாடகரல்லர், பெயர் ஒற்றுமை மட்டுமே. கோகோ சேர்க்காமலே சாக்லேட்டையும் உலர்பழத்தையும் நினைவூட்டும் ஸ்டவுட்டுக்கு லயன் நல்ல எடுத்துக்காட்டு. வெப்பமண்டல ஸ்டவுட் என இவ்வகைக்குத் தனிப்பிரிவே வகுக்கப்பட்டுள்ளது.

இனிப்பில் மறையும் வலிமை

கருநிறம் என்றால் கடுமை என்ற நம்பிக்கை தவறானது. கின்னஸ் டிராட்டின் ஆல்கஹால் அளவு 4.2 சதவீதத்தை ஒட்டியது. சாதாரண லாகரைவிடக் குறைவு. ஆபத்து மறுமுனையில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவுத்வார்க்கிலிருந்து ரஷ்ய அரசவைக்கு அனுப்பப்பட்ட வலுவான ஸ்டவுட்டின் வழிவந்த இம்பீரியல் வகைகள் 8 முதல் 12 சதவீதம் வரை செல்கின்றன. இனிப்பும் கோகோவும் ஆல்கஹாலின் காரத்தை மூடிவிடுவதால், அருந்துபவர் அதன் வலிமையை உணர்வதில்லை. 10 சதவீதம் கொண்ட 355 மில்லி லிட்டர் புட்டியில் 35.5 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால் உள்ளது. 5 சதவீதம் கொண்ட 650 மில்லி லிட்டர் பெரிய லாகர் புட்டியில் இருப்பதோ 32.5 மில்லி லிட்டர். சின்னப் புட்டிதானே என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

ஸ்டவுட் சத்து பானம் என்ற பழைய எண்ணமும் இன்னும் முற்றாக மறையவில்லை. 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்ற விளம்பர வாசகம் 1929-இல் வெளிவந்தது. பாலூட்டும் தாய்மார்களுக்கும் நோயிலிருந்து தேறுவோருக்கும் ஸ்டவுட் பரிந்துரைக்கப்பட்ட காலமும் அங்கே இருந்தது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. பாதுகாப்பான மது அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. கோகோவின் நற்குணங்களைச் சொல்லி இதை நியாயப்படுத்த இயலாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களும், பால் பொருளைத் தவிர்ப்பவர்களும் லேபிளில் லாக்டோஸ் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பார்லியில் குளூட்டன் இருப்பதால் சீலியாக் நோயாளிகளுக்கு இவ்வகை அறவே ஆகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு மதுபான விதிமுறைகள் பீரின் ஆல்கஹால் அளவுக்கு 8 சதவீதத்தை உச்ச வரம்பாக வைத்துள்ளன. லயன் ஸ்டவுட்டின் 8.8 சதவீதமும் புரூக்ளினின் 10 சதவீதமும் அந்த வரம்பைத் தாண்டியவை. உடல்நலக் கேட்டையும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது என்பதையும் லேபிளில் அச்சிடுவது கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. தமிழ்நாட்டில் 21, தில்லியில் 25. குஜராத்திலும் பிகாரிலும் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது.